தொகுதிப் பங்கீடு

ஸ்விண்டன். ஜனவரி. ஞாயிற்றுக்கிழமை மாலை.
ஏழு மணிக்கு மேல்தான் எங்கள் வீட்டில் ஹீட்டர்,
அதுவரை மூவரும் கோட்டோடுதான் பேச்சுவார்த்தை.

விண்ணப்பத்தில் ஐந்தே ஐந்து இடங்கள்.
அம்மா தன் தரப்புக்கு இரண்டு கேட்டாள்:
"கார்டிஃப் ஒண்ணு, பிரிஸ்டல் ஒண்ணு.
சனிக்கிழமை ரயிலேறி
அழுக்குத் துணியோட வந்துரலாம்."
அப்பா ஒன்று மட்டும் கேட்டார்.
ஒன்றே ஒன்று கேட்பவர்களோடுதான்
கூட்டணி பேசி மாளாது.

மேசையில் மூன்று பேனாக்கள்.
பச்சை: நம் கோட்டை.
மஞ்சள்: இழுபறி.
சிவப்பு: டெபாசிட் காலி.
ஹார்க்ரீவ்ஸ் மிஸ் கணித்துத் தந்தது
ஓர் ஏ, இரண்டு பி.
"கட்டுரை பிரமாதம், ரெக்சலின்.
ஆனாலும் கொஞ்சம் யதார்த்தமாக யோசி" என்றார்,
நல்ல மனுஷி,
பிஸ்கட் டப்பாவை என் பக்கம் நகர்த்தியபடி.
அன்றிலிருந்து யதார்த்தம் என்ற சொல்லுக்கு
இஞ்சி பிஸ்கட் வாசம்.

ஷெஃபீல்டுக்கு மஞ்சள் அடித்தேன்.
ஸ்வான்சிக்குப் பச்சை.
அம்மாவின் பிரிஸ்டல் உண்மையில் சிவப்பு,
அவளுக்கு அது
ரயிலில் நாற்பது நிமிடம், அவ்வளவுதான்.

"அரசியல் படிச்சு என்ன,
கட்சியா ஆரம்பிக்கப் போற?"
அம்மா தேயிலைப் பையைப் பிழிந்தாள்.
அப்பாவின் பஸ் தடத்தை நிறுத்தப்போவதாகச் சொல்லி
கவுன்சில் கருத்துக் கேட்ட அன்று
வந்தவர்கள் பதினோரு பேர்.
அதில் எட்டுப் பேர் டிரைவர்கள்.
ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.
தினமும் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போன கூட்டம்
அன்று எங்கே போனது?
இதைப் படிக்கத்தான் எனக்கு மூன்று வருடம் வேண்டும்.
அம்மாவிடம் இப்படிச் சொல்லவில்லை.
"வேலை கிடைக்கும்மா" என்றேன்.
தேர்தல் வாக்குறுதி.

"ஆக்ஸ்ஃபோர்டு எங்க?" என்றார் அப்பா.

அவர் ஓட்டும் வழியில் ஒரு ரவுண்டானா,
ஐந்து சின்ன வட்டங்கள் சேர்ந்து ஒரு பெரிய வட்டம்,
நடுவில் மட்டும் எல்லாம் எதிர்த்திசையில் சுற்றும்.
புதிதாக வருபவர்கள் நடுங்குவார்கள்.
அப்பா ஒன்பது வருடமாக
ஒரு கையில் சுற்றி வெளியே வருகிறார்,
ஆக்ஸ்ஃபோர்டு என்று அம்பு காட்டும் பலகையைத் தாண்டி,
அதற்கு அடுத்த சாலையில்.

"அதுக்கு அக்டோபர்லயே முடிஞ்சிருச்சுப்பா."

மாலை ஆறு மணி கெடு.
ஐந்து ஐம்பதுக்கு நான் நூலகத்தில்,
எல்லாம் நிரப்பிய பக்கம் எதிரில் திறந்திருந்தது.
ஆறு ஐந்துக்குப் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
வாக்குச்சாவடி வரை போய்
வாக்களிக்காமல் திரும்புவதற்குப்
பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு.
அது யதார்த்தமா, பயமா?
எனக்குள் இன்னும்
மறு எண்ணிக்கை முடியவில்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
ஏழு ஆனது. குழாய்களில் டொக் டொக்கென்று
சூடு ஏறத் தொடங்கியது.
கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"தூத்துக்குடியில ஒரு தடவை
சுயேச்சைக்கு பூத் ஏஜென்டா உக்காந்தேன்.
எங்க பூத்துல பத்தொம்பது ஓட்டு.
டெபாசிட் போச்சு."
"அப்புறம்?"
"அப்புறம் என்ன, புரோட்டா வாங்கிக் குடுத்தாரு."

சிவப்புப் பேனாவை எடுத்தார்.
"என் சீட்டு காலியாத்தான இருக்கு?"
வரைபடத்தில் விரல் வடக்கே ஏறி, ஏறி,
டர்ஹமில் நின்றது.
"இது?"
"சிவப்புதான்பா. அஞ்சு மணி நேரம் வேற."
"இருக்கட்டும். சிவப்புல ஒண்ணு இருக்கட்டும்."
"அவ்வளவு தூரத்துல இருந்து துணியை எப்படிக் கொண்டு வருவா?"
அம்மா கேட்டது என்னையல்ல.

யாரும் வாபஸ் வாங்க முன்வராததால்
பேச்சுவார்த்தை நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது.
அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட்.
வார்டில் எழுதப் பேனாவே இருப்பதில்லை என்று
கிளம்பும் அவசரத்தில்
கைக்கு எட்டியதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனாள்.

கதவு சாத்திய பிறகுதான் பார்த்தேன்.
பச்சையைக் காணோம்.